கடல் கடந்த குழம்பு

வீட்டில் குழந்தைகளின் பூகோளப் படப் புத்தகம் இருந்தால் அதைச் சற்றே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவில், தாளிக்கும்போது கைதவறிச் சிந்திய கடுகைப் போல் வரிசையாகச் சில தீவுகள் தெரியும். அவைதாம் கரீபியன் தீவுகள். அந்த வரிசையின் கிழக்கு ஓரத்தில் உற்றுப் பாருங்கள். இறக்கை விரித்து உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு தீவு இருக்கிறதா? அதுதான் குவாதலூப். சென்ற மாசி மாதத்தில் பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன்.

சென்னையிலிருந்து பாரிஸ். பாரிஸிலிருந்து மறுபடியும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலே விமானப் பிரயாணம். இத்தனை தூரம் போய் இறங்கினால், அதுவும் பிரான்ஸ்தான் என்கிறார்கள்! 1946-ஆம் ஆண்டு முதல் குவாதலூப் பிரெஞ்சு தேசத்தின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ. தபால் பெட்டி மஞ்சள். காலையில் ஜனங்கள் நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதும் பாரிஸைப் போலவேதான். ஆனால் ரொட்டிக் கடை வாசலில் தென்னை மரம் நிற்கிறது. நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நீங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் ஒழிக்கும்போது, அங்கே காலைப் பலகாரம் முடிந்து மத்தியானச் சமையலுக்குக் காய் நறுக்குவார்கள்.

வண்ணத்துப்பூச்சியின் வலது இறக்கை சமவெளி. இடது இறக்கை மலை. வேடிக்கை என்னவென்றால், மலை இருக்கும் பகுதிக்குத்தான் 'தாழ்ந்த நிலம்' என்று பொருள்படும் 'பாஸ்-தேர்' என்ற பெயர்! பாய்மரக் கப்பல்காரர்கள் இட்ட பெயர் அது. காற்று வீசும் பக்கம் மேல், காற்று மறைவான பக்கம் கீழ் என்பது அவர்கள் கணக்கு. அந்தத் 'தாழ்ந்த நிலத்தில்' 1,467 மீட்டர் உயரத்துக்கு ஓர் எரிமலை நிற்கிறது. பெயர் சூஃப்ரியேர். 1976-ல் அது குமுறியபோது எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊரை விட்டு அப்புறப்படுத்தினார்கள். இப்போது தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு சாதுவாக இருக்கிறது.

அந்த மலையின் கிழக்குச் சரிவில், கடலைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர்தான் கப்பெஸ்தேர். காற்று முகத்து நிலம் என்று அர்த்தம். பக்கத்துத் தீவிலும் ஒரு கப்பெஸ்தேர் இருக்கிறதாம். குழப்பம் வேண்டாமென்று இதன் பெயரோடு 'பெல்-ஓ' என்று சேர்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் 'அழகிய நீர்'. ஊருக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

நான் போனது மழையில்லாக் காலம். மார்கழி, தை வாக்கில் ஆரம்பித்துச் சித்திரை வைகாசி வரை நீடிக்கும். அந்த ஊர்க்காரர்கள் இதைக் 'கரேம்' என்கிறார்கள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் அனுஷ்டிக்கும் நாற்பது நாள் நோன்புக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரும் அதுதான். மனிதர் நோன்பிருக்கும் காலத்தில் வானமும் நோன்பிருக்கிறது என்று யாரோ ஒரு புத்திசாலி நினைத்திருக்க வேண்டும்! பகலில் நம் மார்கழி மாதத்துச் சென்னை வெயில்தான். கிழக்கிலிருந்து இடைவிடாமல் காற்று வீசுகிறது. கொடியில் போட்ட புடைவை அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் சில நாட்களில் வானம் வெள்ளைப் புகை மூடினாற்போல் மங்கிப் போகிறது. அது என்ன தெரியுமா? ஆப்பிரிக்காவின் சஹாரா பாலைவனத்துப் புழுதி. சமுத்திரத்தையே தாண்டி வந்துவிடுகிறது! இழுப்பு உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் அன்றைக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவைக்கிறார்கள்.

'அழகிய நீர்' ஊரில் வறட்சி உண்டா என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கதி. கடல் மேல் வரும் மேகத்தை மலை பிடித்து நிறுத்திக்கொள்வதால், இந்தப் பக்கத்தில் கரேம் காலத்திலும் தூறல் நிற்பதில்லை. ஊருக்கு மேலே காட்டில், நூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள பாறையிலிருந்து கார்பே நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் சமவெளி இறக்கையில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. அங்குள்ள ஊர்களுக்கு இங்கிருந்துதான் குழாயில் தண்ணீர் போகிறது. குழாய்களோ பழையவை. ஏற்றி அனுப்பும் தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆகவே முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இன்று இந்தத் தெரு, நாளை அந்தத் தெரு. ஐரோப்பிய யூரோ புழங்கும் ஊரில், அடுக்களையில் வாளியும் பீப்பாயும் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். குழாயடியில் காத்திருந்து பழகிய உங்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்க் கரையில்தான் 1493-ஆம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி கொலம்பஸ் வந்து இறங்கினார். இந்தியாவைத் தேடிக்கொண்டு போன மனிதர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? இந்தியா அவருக்கு அகப்படவில்லை. அவர் இறங்கி 361 வருஷம் கழித்து, உண்மையான இந்தியர்கள் இதே தீவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கையில் கொடியும் இல்லை, வாளும் இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தக் காகிதம் ஒன்று இருந்தது. அதைப் படிக்க அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

கதை இதுதான். கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1848-ல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் அந்தத் தோட்டங்களுக்குள் மறுபடி காலெடுத்து வைக்க விரும்பவில்லை. முதலாளிகளுக்கோ கரும்பு வெட்ட ஆள் வேண்டும். அப்போது அவர்களுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் ஞாபகம் வந்தன. 1854 டிசம்பர் கடைசியில் 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரோடு வந்து சேர்ந்தது. 1889 வரையில் வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டுப் பக்கத்தவர் பெரும்பாலோர். வடக்கேயிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்களும் உண்டு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சுமார் மூன்று மாதம் கடலில். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பலாம் என்று காகிதம் சொன்னது. திரும்பியவர்கள் சிறுபான்மை. நோயிலும் உழைப்பிலும் மாண்டவர்களே அதிகம்.

கரேம் காலத்தை நாம் உல்லாசப் பிரயாணத்துக்கு ஏற்ற காலம் என்கிறோம். கரும்புக்கு அதுதான் அறுவடைக் காலம். மழை நின்றால் கரும்பில் தித்திப்பு ஏறுகிறது. உடனே வெட்டியாக வேண்டும். இப்போது பெரும்பாலும் இயந்திரம் வெட்டுகிறது. அந்த நாளில் ஆண்கள் அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போவார்கள். பெண்கள் பின்னாலேயே குனிந்து, பொறுக்கிக் கட்டுக் கட்டுவார்கள். கரும்புத் தோகை கையை எப்படி அறுக்கும் என்பது பொங்கலுக்குக் கரும்பு ஒடித்தவர்களுக்குத் தெரியும். நமக்கு ஒரு நாள். அவர்களுக்கு மாதக் கணக்கு.

கப்பெஸ்தேர் கடைவீதியில் போகும்போது பெயர்ப் பலகைகளைப் பார்த்து இரண்டு தரம் நின்றுவிட்டேன். முத்துசாமி, ராமசாமி, வீரப்பன்! எல்லாம் பிரெஞ்சு எழுத்தில். உச்சரிப்பும் 'மூத்தூஸ்ஸாமி', 'விராப்பேன்' என்று மாறியிருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதல்லவா? தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு நம் வேலை முடிந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களின் பதிவேட்டில் அப்படி நடக்காது. கப்பலில் வந்த ஒருவரின் பெயரே, அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேத்தி எல்லாருக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. முன்னால் மரி, ழான், சில்வி என்று ஒரு பிரெஞ்சுப் பெயர்; பின்னால் முப்பாட்டனார். அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் போய்விட்டது. அவரைக் கூப்பிட்ட பெயர் மட்டும் போகவில்லை.

அப்படிப் பெயர் தாங்கிய ஒருவரை இந்த ஊர் மறக்கவில்லை. ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1863-ல் இதே கப்பெஸ்தேரில் பிறந்தவர். தீவிலேயே பிறந்து வளர்ந்த இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை உண்டா இல்லையா என்று 1904-ல் வழக்கு மூண்டது. பிரெஞ்சுச் சட்டம் இவர்களை அந்நியர் என்றது. இவர்களோ வேறு எந்த தேசத்தையும் கண்ணால் கண்டதில்லை! சிதம்பரம் விடவில்லை. பத்தொன்பது வருஷம் மனு மேல் மனு, வாதத்தின் மேல் வாதம். 1923-ல் பிரெஞ்சு அரசு இறங்கி வந்தது. இந்தியர் பிள்ளைகள் பிரஜைகளானார்கள். வெற்றியைக் கண்டபின் அவர் இன்னும் இருபத்தொன்பது வருஷம் வாழ்ந்து, 1952-ல் காலமானார்.

இனி, உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சந்தைக்குப் போவோம், வாருங்கள்.

சந்தையில் காய்கறி விற்கும் ஸ்திரீகள் தலையில் கட்டம் போட்ட துணியை முண்டாசு மாதிரி கட்டியிருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த பருத்தித் துணி. "இது என்ன துணி?" என்று கேட்டேன். "மத்ராஸ்!" என்றாள் அந்தப் பெண். நான் சென்னைக்காரி என்று தெரியாமலே சொன்னாள்! ஆமாம், நம் கரையிலிருந்து கப்பலேறிய கைத்தறிக் கட்டத் துணிதான். கூலிக்காரர்கள் வருவதற்கு முன்பே துணி வந்துவிட்டது. இன்று தீவின் விசேஷ உடையே இந்த மத்ராஸ்தான். தலைக்கட்டில் எத்தனை முனை நிமிர்ந்திருக்கிறது என்பதில் ஒரு பாஷையே இருந்ததாம். ஒரு முனை என்றால் மனசு காலி. இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது. மூன்று என்றால் கல்யாணமானவள். நான்கு முனை என்றால்? "கல்யாணமானவள்தான், ஆனாலும் இடமிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பில், பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்துகொண்டாள். நான் அவசரமாக அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

அடுத்த கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி, குன்று குன்றாக. முகர்ந்து பார்த்தேன். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு. வறுத்த அரிசி வாசனை கூட இருந்தது. "பெயர் என்ன?" "கொலொம்போ." இலங்கையிலுள்ள நகரத்தின் பெயர் என்று அங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கொலொம்போ, கொலம்பு, குழம்பு! ழகரம் வராத நாக்குகள் நான்கு தலைமுறை சொல்லிச் சொல்லி அப்படி ஆக்கியிருக்கின்றன என்றுதான் பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் பலரும் சொல்கிறார்கள். கோழிக் கொலொம்போ, ஆட்டுக் கொலொம்போ என்று தீவு முழுவதும், ஆப்பிரிக்க வம்சத்தார், வெள்ளைக்காரர் எல்லார் வீட்டிலும் இதுதான் விசேஷச் சமையல். பக்கத்திலுள்ள மார்த்தினிக் தீவிலும் அப்படியே.

ஊருக்கு வெளியே ஷாங்கி என்ற இடத்தில், சாலையோரமாகக் கோயில் ஒன்று இருக்கிறது. வர்ணம் பூசிய பொம்மைகளோடு நம் ஊர்க் கோயிலேதான். அம்மன் பெயர் மாலியேமேன். மாரியம்மனைத் தெரிகிறதா? மதுரை வீரனும் உண்டு. கொடிமரத்தில் ஏற்றும் கொடி 'நாகூர்மீரா'வுக்கு. நாகூர் ஆண்டவரைக் கடலில் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டு கப்பலேறியவர்கள், கரை சேர்ந்ததும் அவரை மாரியம்மன் கோயிலிலேயே குடிவைத்துவிட்டார்கள்! பூஜை நாளில் வாழை இலை போட்டுச் சாப்பாடு. பாட்டு தமிழில். பாடுகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அநேகருக்கு அர்த்தம் தெரியாது. பூஜை நடத்துகிறவரின் குரலில் தவறு என்னவோ நிறைய இருந்தது. பக்தியில் குறை ஒன்றும் இல்லை.

நான் தங்கியிருந்தது ஒரு பாட்டியம்மாளின் வீட்டில். வயது எண்பத்தாறு. கப்பலில் வந்தது பாட்டியின் கொள்ளுத்தாத்தா. பெண், பேத்தி, ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன் எல்லாருமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பேத்தி பள்ளிக்கூட உபாத்தியாயினி. கல்லூரியில் நான் இரண்டாம் பாஷையாக எடுத்த பிரெஞ்சு, அந்த வீட்டில்தான் முழுதாகப் பயன்பட்டது. பாட்டி என்னை 'டூடூ' என்று கூப்பிடுவார். அந்த ஊரில் பிரியமானவர்களைக் கூப்பிடும் வார்த்தை அது. நான் அவரை 'பாட்டி' என்றே கூப்பிட்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னதும், அன்று முழுவதும் அந்தச் சிறுவன் "பாட்டி! பாட்டி!" என்று கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினான்.

பாட்டி சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்தையும் சொன்னார். பிள்ளைகள் 'கூலி, கூலி' என்று கேலி செய்வார்களாம். "அது என்ன வார்த்தை டூடூ? உங்கள் பாஷையா?" என்றார். "எங்கள் பாஷைதான். உழைப்புக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குப் பெயர்" என்றேன். பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அதைத்தான் எங்களுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை" என்றார்.

சாதம், குழம்பு, மசித்த கீரை என்று சாப்பாடு எல்லாம் நமக்குப் பழகினதுதான். எனக்காகக் கத்தரிக்காயும் பச்சை மாங்காயும் போட்டுக் கொலொம்போ செய்தார்கள். கிழங்கு வாங்குவதில் மட்டும் பாட்டியின் பெண் வெகு கறார். யார் தோட்டம், எந்த மண் என்று கேட்காமல் வாங்கமாட்டாள். காரணம் இருக்கிறது. சுற்றிலும் உள்ள வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சி மருந்தைத் தூவினார்கள். பிரான்ஸில் 1990-லேயே தடை செய்த மருந்து. தீவுகளுக்கு மட்டும் மூன்று வருஷம் விலக்கு! அது இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை. தீவின் பெரியவர்களைப் பரிசோதித்தபோது பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருந்தது. அந்த வீட்டுக் கொல்லையில் பூச்செடிகள் இருக்கின்றன. கிழங்கு போடுவதில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் அந்த வீட்டில் ஒரு வழக்கம். எல்லாரும் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். பாட்டி வேகமாக ஏதோ சொல்வார். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிறகுதான் முதல் கவளம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் போகிறவர்கள், மாலியேமேனுக்கும் போகிறவர்கள். ஆகவே ஏதோ லத்தீன் ஜபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் இரவு பாட்டியே கேட்டார்: "டூடூ, உனக்கு அந்தப் பாஷை தெரியுமே. நாங்கள் சொல்கிற மந்திரம் எந்தத் தெய்வத்துக்கு? என் பாட்டி எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லுவாள். அவள் போன பிறகு நான் விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன், பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். அர்த்தம் மட்டும் எங்களுக்குத் தெரியாது."

"நிதானமாக ஒரு தரம் சொல்லுங்கள், பாட்டி" என்றேன்.

பாட்டி கை கூப்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "ஆகாத்து... சப்புதூ... கன்னூ."

முதலில் புரியவில்லை. என் வாய்க்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. உங்களுக்கும் இந்நேரம் புரிந்திருக்கும்.

ஆ காட்டு. சாப்பிடு, கண்ணு.

மந்திரமும் இல்லை, தெய்வமும் இல்லை. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, காக்காய் காட்டி, நிலா காட்டி நாம் எல்லாரும் சொல்கிற சொல். நாலு தலைமுறையாக ஒரு குடும்பம் கண்ணை மூடிக் கை கூப்பி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது!

நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எண்பது வருஷமாக ஒருவர் பிரார்த்தனை என்று நம்பிய ஒன்றை, 'அது பிரார்த்தனை அல்ல' என்று சொல்வதா? 'அன்னபூரணி ஸ்தோத்திரம்' என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா? எனக்கு அந்தச் சபலம் இருந்தது. ஆனால் பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவருடைய பாட்டியின் வாயிலிருந்து அவருக்கென்று வந்தது. அதை மறைத்துவைக்க நான் யார்? சொல்லிவிட்டேன்.

பாட்டி பேசவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். வெகு நேரம் கழித்து, "அப்படியானால் அவள் ஜபம் செய்யவில்லை" என்றார்.

"இல்லை, பாட்டி. உங்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்."

"நான் சாப்பிடப் படுத்துவேன்" என்றார் பாட்டி. "அவள் கரும்புக்காட்டிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து ஊட்டுவாள். விரலெல்லாம் வெட்டுக் காயம். அந்தச் சோற்றுக்காகச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். அப்போது எங்கள் வீட்டில் சோறு அப்படித்தான் இருந்தது."

பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அர்த்தம் கேட்டார். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது, "கண்ணு என்றால் கண். எங்கள் ஊரில் பிரியமான குழந்தையைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் என்னை டூடூ என்கிற மாதிரி" என்றேன். பாட்டி தம் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சென்ற வருஷந்தான் அதில் புரை எடுத்திருந்தார்கள். "என்னையா?" என்று கேட்டார். "உங்களைத்தான்" என்றேன். அவர் பெண் எழுந்து வந்து தாயாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எனக்கு உள்ளுக்குள் ஒரே படபடப்பு. பேத்தி மெதுவாகக் கேட்டாள்: "இனிமேல் நாம் இதைச் சொல்ல வேண்டாமா?"

"நிறுத்துவானேன்?" என்றார் பாட்டி. "இத்தனை நாள் தெரியாமல் சொன்னோம். இனி தெரிந்து சொல்லுவோம்."

எல்லாரும் வழக்கம்போல் கை கூப்பினார்கள். பாட்டி சொன்னார். சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும்? குழந்தை என்ன சொல்லும்?" என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்லாது, பாட்டி. வாயைத் திறக்கும்" என்றேன்.

அந்த ஐந்து வயதுப் பையன் அண்ணாந்து 'ஆ' என்று வாயைத் திறந்தானே, பார்க்க வேண்டும்! பாட்டி ஒரு கவளம் எடுத்து அவன் வாயில் போட்டார்.

நான் புறப்படுவதற்கு முன், பேத்தியின் வேண்டுகோளின்படி அந்த மூன்று சொற்களையும் தமிழ் எழுத்தில் கொட்டை கொட்டையாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். பையன் 'ஆ' என்ற எழுத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான்.

வரும்போது பாட்டி தம் கையால் இடித்த கொலொம்போப் பொடி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். வீட்டில் அதைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். இதற்கு இன்ன இடத்துப் பொடி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தாயார் ஒரு வாய் போட்டுக்கொண்டு, சற்று நேரம் மென்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வறுக்கும்போது வெந்தயம் கொஞ்சம் சிவந்துவிட்டது. மற்றபடி நம்ம வீட்டுப் பொடி மாதிரியேதான் இருக்கிறது. யார் இடித்தது?"